பயணம் சொல்லுதல்

யாழ்ப்பாணத்தில் நெடுந்தூரம் புறப்படுவோர் சுற்றத்தார் வீடுகளுக்கு நேரிற் சென்று விடைபெறுவதைப் 'பயணம் சொல்லுதல்' என்பர். கலியாணத்துக்குச் சொல்லாமல் விட்டதைக்கூடச் சிலர் காலப்போக்கில் மன்னித்துவிடுவர். பயணம் சொல்லாமற் போனதை மன்னிப்பதில்லை. தொலைபேசியில் ஒரு வார்த்தை சொல்லிவிட்டாற் போதாதா என்று இளைஞர்கள் கேட்கிறார்கள். போதாது. படலையைத் திறந்து உள்ளே போய், விறாந்தையில் அமர்ந்து, கொடுத்த தேநீரைக் குடித்து, எழுந்து நின்று "போட்டு வாறம்" என்று சொல்லவேண்டும். "போறம்" என்று சொல்லலாகாது. வருவதையும் சேர்த்துச் சொன்னாற்றான் விடை விடையாகும்.

இந்த ஆவணியில் நாமும் கொடிகாமத்தில் வீடு வீடாகச் சென்று பயணம் சொன்னோம். நாமும் துணைவியும் குழந்தைகள் இருவரும் ஒரு வருடத்துக்கு இங்கிலாந்து போகிறோம். ஒரு வருடம் என்பதை இங்கே அழுத்தி எழுதுகிறோம். ஏனெனில் சென்ற வீடுகளில் ஒன்றிலேனும் அதை எவரும் நம்பவில்லை. ஏன் நம்பவில்லை என்பதைப் பற்றியே இக்கட்டுரை.

முதலிற் பயணத்தின் காரணத்தைச் சொல்லிவிடுகிறோம். துணைவி நீர்வளத் துறையில் உத்தியோகம் பார்ப்பவர். குடாநாட்டில் வற்றாத ஆறில்லை. மாரி மழை நிலத்தில் இறங்கி, கடலின் உவர்நீருக்கு மேலே நன்னீராகத் தங்குகிறது; அதுவே எமது கிணறு. அளவுக்கு மீறி இறைத்தால் உவர் மேலேறும். தோட்டத்தில் உரம் மிஞ்சினால் நைத்திரேற்று கீழிறங்கும். இதைப் பற்றிப் படிப்பதற்கு அவருக்குச் செவனிங் என்னும் பிரித்தானிய அரசாங்கப் புலமைப்பரிசில் கிடைத்தது. படிப்பு ஒரு வருடம். முடிந்ததும் நாடு திரும்பிக் குறைந்தது இரண்டு ஆண்டுகள் நாட்டில் இருக்கவேண்டும் என்பது அதன் நிபந்தனை. திணைக்களத்துக்கும் தனியாக ஒரு பிணைப்பத்திரம் எழுதிக் கொடுத்தாயிற்று. ஆகவே, திரும்பி வருவோம் என்பதற்கு இரண்டு அரசாங்கங்களின் கோப்புகளிற் கையொப்பம் இருக்கிறது. கொடிகாமத்தில் அதற்கு மதிப்பில்லை.

பணமும் இருக்கிறது பேச்சில். 2024 சனவரி முதல், முதுகலை படிக்கவருவோர் தம் குடும்பத்தாரை உடனழைத்து வருவதைப் பிரித்தானியா பெரும்பாலும் நிறுத்திவிட்டது. ஆராய்ச்சி மாணவருக்கும் அரசாங்கப் புலமைப்பரிசில் பெற்றோருக்கும் மாத்திரம் விலக்குண்டு. விலக்கு உண்டேயன்றிச் செலவு எம்முடையது. துணைவியை விட்டு மற்ற மூவருக்கும் சுகாதார வரி மட்டும் வருடமொன்றுக்கு ஆளுக்கு 776 பவுணாக 2,328 பவுண். இலங்கைப் பணத்தில் இஃது ஓர் ஆசிரியனின் ஏறத்தாழ ஒரு வருடச் சம்பளம். துணைவியின் தாலிக்கொடி தவிர்ந்த நகைகள் அதற்குப் போயின. விண்ணப்பத்தில் எமக்கு இடப்பட்ட பெயர் 'தங்கிவாழ்வோர்'. பன்னிரண்டு வருடம் உயர்தர வகுப்புக்குத் தமிழ் கற்பித்த ஓர் ஆண்மகன், மனைவியிற் தங்கிவாழ்வோனாகக் கடல் கடக்கிறான் என்பது ஊரில் இரண்டு கிழமைக்குப் போதுமான பேச்சாயிற்று.

"அப்ப மனிசிக்குச் சமைச்சுப் போடவோ போறாய்?" என்று கேட்டார் சின்னையா ஒருவர்.

"ஓம் சின்னையா. பிள்ளையளுக்கும்."

அவர் நெடுநேரம் யோசித்துவிட்டு, "உனக்குக் குழம்பு வைக்கத் தெரியுமோ?" என்றார். அதற்குப் பிறகு பேச்சு சமையலைப் பற்றியே நடந்தது. ஒரு கொள்கைச் சண்டையை எதிர்பார்த்துப் போன எமக்குச் சிறிது ஏமாற்றமே.

தமிழ் படித்த குற்றத்துக்கு ஒன்று சொல்லாமல் விட முடியவில்லை. தொல்காப்பியர் பிரிவுக்கான காரணங்களை வகுத்தபோது ஓதலை முதலில் வைத்தார். கல்விக்காகப் பிரிந்தவன் மூன்று ஆண்டைக் கடக்கலாகாது என்றும், வேந்தன் தொழிலுக்குப் பிரிந்தவன் ஓராண்டுக்குள் மீளவேண்டும் என்றும் கற்பியலில் எல்லை கட்டினார். கடல் கடக்கும் செலவு பெண்ணோடு இல்லை என்று அகத்திணையியலிற் கூறியவரும் அவரே. உரையாசிரியர்கள் அந்தச் சூத்திரத்தை வேறுவேறு விதமாகக் கொண்டு மோதிக்கொண்டதை நாம் பல்கலைக்கழகத்திற் பரீட்சைக்குப் படித்தோம். பெண்ணே ஓதற்குப் பிரிபவளாய், ஆண் அவளுடன் கடல் கடப்பவனாய் இருந்தால் என்ன துறை என்று அவர் சொல்லவில்லை. சொல்லவேண்டிய தேவை அக்காலத்தில் எழவில்லை. ஆனால் எல்லை கட்டியவர் வீணாகக் கட்டவில்லை. சொன்ன காலத்திற் திரும்பாதவர்கள் அன்றும் இருந்தார்கள். பாலைப் பாட்டுகளிற் பாதி அவர்களைப் பற்றியதே.

போகவேண்டிய வீடுகளின் பட்டியலை அம்மா நாட்காட்டித் தாளொன்றின் பின்புறத்தில் எழுதித் தந்தார். 23 வீடுகள். தகப்பன்வழி மூத்தோர் முதலில்; பின்னர் தாய்வழி; பின்னர் சம்பந்திகள்; கடைசியில் அயல். கொடிகாமச் சந்தியிலிருந்து பருத்தித்துறை வீதியில் ஒரு கிளை, கச்சாய் வீதியில் ஒரு கிளை, கண்டி வீதி வழியே மிருசுவில் வரைக்கும் ஒரு கிளை என்று சுற்றம் பரந்து கிடந்தது. ஒரு குடும்பத்தின் உறவுப் பட்டியல் என்பது உண்மையில் அதன் காணிப் பட்டியல். யார் வீட்டுக்கு முதலிற் போவது என்ற ஒழுங்கில், ஐம்பது வருடத்துக்கு முன் எந்தத் தோட்டம் யாருக்குச் சீதனமாகப் போயிற்று என்பது எழுதப்பட்டிருந்தது.

பட்டியலில் இல்லாத ஒரு வீட்டைத் துணைவி சேர்த்தார். எமது வளவில் இரண்டு தலைமுறையாகத் தேங்காய் பிடுங்கித் தருபவரின் வீடு அது. "அவையள் தாங்களே வந்து பாப்பினம்" என்றார் அம்மா. அதிற் குரோதம் ஏதும் இருக்கவில்லை. உலக வழக்கைச் சொல்வது போலச் சொன்னார். அதுதான் கடினமான இடம். சமூகக் குறைபாடுகளைத் தடுக்கும் சட்டம் வந்தது 1957இல். சுன்னாகத்திலிருந்து ஊர்வலம் புறப்பட்டது 1966 ஒக்டோபர் 21இல். மாவிட்டபுரம் கோயில் வாசலிற் போராட்டம் நடந்தது 1968இல். தேநீர்க்கடைகளும் கோயிற் கதவுகளும் திறந்தன. பயணம் சொல்லப் போகும் வீடுகளின் பட்டியலை எந்தச் சட்டமும் தொடவில்லை, தொடவும் முடியாது. அம்மாவின் எழுத்துக்குக் கீழே துணைவி தம் எழுத்தில் 24 என்று இட்டு அந்தப் பெயரை எழுதினார். அம்மா ஒன்றும் சொல்லவில்லை.

முதல் வீடு, தந்தையாரின் பெரியப்பா ஒருவர் மலாயாவில் உழைத்துக் கட்டியது. அந்தக் காலத்துக் கல்வீடு. அகன்ற விறாந்தை, சாய்மனைக் கதிரை, சுவரிலே கோட்டும் தலைப்பாகையும் அணிந்த படம். பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியிலிருந்து, மிசன் பள்ளிகளில் ஆங்கிலம் படித்த யாழ்ப்பாணத்து இளைஞர்கள் மலாயாப் புகையிரதப் பகுதியிலும் ஏனைய அரசாங்கக் கந்தோர்களிலும் எழுதுவினைஞர்களாகப் போய்ச் சேர்ந்தனர். மாதாமாதம் காசுக்கட்டளை வந்தது. அந்தக் காசிற் கிணறு வெட்டினர், கோயிற் திருப்பணி செய்தனர், தங்கைமாருக்குச் சீதனம் கொடுத்தனர். பிரித்தானியப் பேரரசு தோட்டத்துக்கு உழைப்பாளரைத் தமிழ்நாட்டிலிருந்தும், கந்தோருக்கு எழுத்தரை யாழ்ப்பாணத்திலிருந்தும் எடுத்தது. ஒரே மொழியைப் பேசிய இருவரும் ஒரே மேசையில் அமரவில்லை. இதையும் ஒருவர் எழுதவேண்டும்.

ஆனால் இவ்விடத்தில் நாம் சொல்லவந்தது வேறு. மலாயா போனவர் முப்பது வருடம் போனார். போகும்போதே முப்பது வருடம் என்று தெரிந்து போனார். பென்சன் எடுத்ததும் வந்தார். ஊரில் அவருக்குப் 'பென்சனியர்' என்றே பெயர். 1942இல் யப்பானியர் வந்ததும் கடிதமும் காசும் மூன்றரை வருடம் நின்றன. செத்தாரோ இருந்தாரோ தெரியாமலிருந்த அந்த நாளிலும், அவர் வருவார் என்று வீட்டார் நம்பினார்கள், வந்தார். ஏன்? காணி இங்கே இருந்தது; மரியாதை இங்கே இருந்தது; பென்சன் இங்கே வந்து சேர்ந்தது. அங்கே இருக்கையிலும் அவருடைய வீடு இங்கேதான் இருந்தது. இப்போது அவ்வீட்டில் இருக்கும் அவரது பேரன், எமக்கு அண்ணன் முறை, சுவர்ப்படத்தைக் காட்டிச் சொன்னார்: "அவர் முப்பது வருஷத்தாலை வந்தார். நீங்கள் ஒரு வருஷத்தாலை வரமாட்டியள்." சிரித்துக்கொண்டுதான் சொன்னார்.

அடுத்தது மாமி வீடு. மகன் 1987இற் கொழும்புக்கென்று புறப்பட்டு, அங்கிருந்து இரண்டு வருடத்துக்கென்று ஜேர்மனிக்கும், பின்னர் என்றைக்குமாகக் கனடாவுக்கும் போனவர். அவர் வரும்போது தங்குவதற்கென்று குளியலறையுடன் கூடிய ஓர் அறை கட்டி, ஓடு பதித்து, பூட்டி வைத்திருக்கிறார் மாமி. அந்த அறையில் அவர் இதுவரை படுத்தது பதினொரு இரவுகள். மாமி எண்ணி வைத்திருக்கிறார். இங்கிலாந்து முழுவதும் எமது ஊராருக்கு லண்டன்தான். லண்டனும் ஸ்காபரோவும் அடுத்தடுத்த தெருக்கள். மூன்று கிலோ ஒடியல்மா, வறுத்து இடித்த மிளகாய்த்தூள், வேப்பம்பூ வடகம், பனங்கட்டிக் குட்டான் பன்னிரண்டு ஆகியவற்றைக் கட்டி வைத்துக்கொண்டு, "அங்கையிருந்து அவனுக்கு அனுப்பிவிடு மோனை" என்றார். அத்திலாந்திக் சமுத்திரம் ஒன்று இடையில் உண்டு என்று சொல்ல எமக்கு மனம் வரவில்லை. வாங்கிக்கொண்டோம்.

இடையில் ஏழெட்டு வீடுகள் ஒன்றுபோலவே நடந்தன. மென்பானம், பிஸ்கற், பிள்ளைகளின் கையில் ஐந்நூறு ரூபா, "எப்ப வாறியள்?" என்ற கேள்வி, "ஒரு வருஷந்தான்" என்ற பதில், "ஓமோம்" என்ற இழுப்பு. அந்த 'ஓமோம்' இருக்கிறதே, அதை அச்செழுத்தில் எழுத முடியாது. ஒரு வீட்டில் எமது மகள், வயது ஒன்பது, பொறுக்கமாட்டாமல், "உண்மையாத்தான் வருவம், என்ரை சைக்கிளை விக்கேல்லை" என்றாள். நாம் சென்ற வீடுகளிற் சற்றேனும் யோசிக்க வைத்த சான்று அந்தச் சைக்கிள் ஒன்றுதான்.

மிருசுவில்பக்கத்துக் குஞ்சையா வீட்டில் நெடுநேரம் இருந்தோம். துணைவியின் பிணைப்பத்திரத்திற் பிணை நின்ற இருவருள் ஒருவர் அவர். ஓய்வுபெற்ற தபாலதிபர். பிணை நிற்பது அவருக்குப் புதிதன்று. 1990க்கும் 1995க்கும் இடையில் குடாநாட்டைவிட்டு வெளியேற அனுமதிச்சீட்டு வேண்டும். சீட்டுப் பெற ஒருவர் பிணை நிற்கவேண்டும். போனவர் திரும்பாவிடில் நின்றவர் பதில் சொல்லவேண்டும். ஆனையிறவுப் பாதை மூடியிருந்தது. புகையிரதம் 1990 ஆனியோடு நின்றுவிட்டது. கொடிகாமம் நிலையத்துக்கு அது மீண்டு வந்தது 2014 ஒக்டோபரிற்றான். அக்காலத்திற் கிளாலிக் கடனீரேரியை இரவில், விளக்கில்லாமல், வள்ளத்திற் கடந்தனர். கடற்படையிடம் அகப்பட்டவர்கள் கரை சேரவில்லை. குஞ்சையா தம் தமக்கை மகனுக்குப் பிணை நின்றார். கொழும்பில் வைத்தியம் பார்த்து ஒரு மாதத்தில் வருவதாகச் சொல்லிப் போனவர் இன்றைக்கும் பாரிசில் இருக்கிறார். பிணை நின்றவருக்கு என்ன நடந்தது என்று கேட்டோம். "கூப்பிட்டுக் கேட்டவை" என்றார். அதற்குமேற் சொல்லவில்லை. மூன்று தசாப்தத்துக்குப் பின்பும் அவர் மறுபடியும் ஒருவருக்குப் பிணை நின்றிருக்கிறார் என்பதை நினைத்துக்கொண்டு வெற்றிலைத் தட்டத்தைப் பார்த்தபடி இருந்தோம்.

அவர் அன்றைக்கு ஒன்றைத்தான் திரும்பத் திரும்பக் கேட்டார். "காணி உறுதியளை என்ன செய்யப் போறியள்?"

"அம்மாட்டை, அலுமாரியிலை இருக்கு, குஞ்சையா."

"வையாதை. கொண்டு போ."

ஒரு வருடத்துக்குப் போகிறவர்கள் காணி உறுதியைப் பிளேனில் ஏற்றிக்கொண்டு போவதா என்று துணைவி சிரித்தார். குஞ்சையா சிரிக்கவில்லை.

தென்மராட்சியாருக்கு 'கொஞ்ச நாளைக்கு' என்ற சொல்லின் பொருள் வேறு. 1995 ஒக்டோபர் 30 அன்று வலிகாமத்து மக்கள் இலட்சக்கணக்கில் மழையில் நனைந்தபடி நாவற்குழிப் பாலத்தைக் கடந்து எமது பக்கம் வந்தார்கள். நமக்கு அப்போது எட்டு வயது. எமது வீட்டில் ஆறு குடும்பங்கள் இருந்தன. மாட்டுக் கொட்டிலில் ஒன்று, பள்ளி மண்டபத்தில் எண்ணற்றவை. வந்தவர்கள் எல்லோரும் 'நாலு நாளையால் திரும்பலாம்' என்றே வந்தவர்கள். அடுத்த சித்திரையிற்றான் அவர்களுட் பெரும்பாலோர் திரும்பினர். சிலர் வன்னிக்குப் போயினர். அங்கே போனவர்களின் கதை 2009 முள்ளிவாய்க்காலில் முடிந்தது.

அவர்களைப் பார்த்துப் பரிதாபப்பட்ட எமக்கும் முறை வந்தது. 2000 சித்திரையில் ஆனையிறவு முகாம் வீழ்ந்தது. வைகாசியிற் தென்மராட்சி போர்க்களமாயிற்று. குஞ்சையா மூன்று நாளைக்கு வேண்டிய உடுப்புடன் கதவைப் பூட்டிக்கொண்டு வடமராட்சிக்குப் போனார். 2002இல் யுத்தநிறுத்தம் வந்த பின்பு திரும்பினார். கதவு இல்லை, கதவு நிலையும் இல்லை, கூரை, கிணற்றுக் கட்டு, வேலி ஒன்றும் இல்லை. தலையற்ற தென்னைகள் வரிசையாய் நின்றன. எது தம் வளவு எது அயலவர் வளவு என்று அறிய முடியவில்லை. எல்லைக் கல்லைத் தேடி மண்ணைக் கிண்டவும் முடியாது, மிதிவெடி. அப்போது அவர் கையில் இருந்தது உறுதி ஒன்றுதான். அதைப் புறப்படும்போது எடுத்ததற்கு எந்த யோசனையும் காரணமன்று. சேர்ட்டுகளுக்கு அடியில் அது கிடந்ததால் சேர்ந்து வந்தது.

வீட்டைப் பார்க்க அவசரப்பட்டவர்களின் கதையும் அந்த ஊரினதே. 2000 மார்கழியில், இடம்பெயர்ந்து உடுப்பிட்டியில் இருந்த மிருசுவில் மக்கள் சிலர் தம் வீடுவாசலைப் பார்க்க வந்தனர். எண்மர் கொல்லப்பட்டுப் புதைக்கப்பட்டனர். ஒருவன் ஐந்து வயதுச் சிறுவன். தப்பி ஓடிய ஒருவர் சொன்னதாலேயே உலகம் அறிந்தது. பதினைந்து வருடத்துக்குப் பின், 2015இல், ஓர் இராணுவச் சார்ஜனுக்கு மரணதண்டனை விதிக்கப்பட்டது. 2019இல் உயர்நீதிமன்றம் அதை உறுதிசெய்தது. 2020 மார்ச்சில், நாடு தொற்றுநோய்க்குப் பயந்து கதவடைத்திருந்த வாரத்தில், சனாதிபதி கோட்டாபய ராஜபக்ச அவருக்குப் பொதுமன்னிப்பு அளித்தார். திரும்பி வருதல் பற்றி எமது ஊராரிடம் பேசும்போது இவை எல்லாம் அந்த 'ஓமோம்' என்ற சொல்லுக்குள் இருக்கின்றன.

இதோடு 2022ஐயும் சேர்க்கவேண்டும். அவ்வாண்டு சித்திரையில் வெளிநாட்டுக் கடனைக் கட்டமுடியாது என்று அரசாங்கம் அறிவித்தது. புரட்டாசியில் விலைவாசி முன்னைய ஆண்டைவிட ஏறத்தாழ 70 வீதம் ஏறி நின்றது. அதற்கு முந்திய வருடந்தான் இரசாயன உரத்தை ஒரே நாளிற் தடைசெய்து தோட்டக்காரரின் வயிற்றில் அடித்திருந்தார்கள். மண்ணெண்ணெய் வரிசையில் ஆசிரியரும் மாணவரும் ஒன்றாக நின்றோம். அந்த ஆனியில் அரசாங்கம் ஒரு சுற்றறிக்கை விட்டது: அரச ஊழியர் ஐந்து வருடம் வரை சம்பளமற்ற லீவில் வெளிநாடு போகலாம், சேவை மூப்புக்கும் ஓய்வூதியத்துக்கும் பாதகமில்லை. சம்பளம் மிச்சம், டொலர் வரவு. அவ்வருடம் வேலைக்காக நாட்டைவிட்டுப் போனோர் மூன்று இலட்சத்துக்கு மேல் என்று வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகம் கணக்குச் சொன்னது. பேரரசு எழுத்தரை எடுத்தபோது அவரை அழைத்தது; எமது அரசாங்கம் ஆசிரியரைப் போகச் சொன்னது. மலாயாக்காரர் வருவார் என்று நம்பியவர்களின் பேரப்பிள்ளைகள் எம்மை நம்ப மறுப்பது எம் குணத்தைப் பற்றிய தீர்ப்பன்று என்பதை நாம் அன்றிரவே விளங்கிக்கொண்டோம். திரும்பிவர ஒரு மனிதனுக்கு அன்பு மட்டும் போதாது. வந்தால் உண்ணவும், பிள்ளை படிக்கவும், வீடு வீடாகவே இருக்கவும் வேண்டும்.

கடைசி வீடு, துணைவி எழுதிய இருபத்து நாலாவது. தேங்காய் பிடுங்குபவர் எம்மைக் கண்டதும் எழுந்து நின்றார். கதிரையைத் துடைத்து வைத்தார். தந்தையார் காலத்தில் 'நயினார்' என்று அழைத்தவர் இப்போது 'சேர்' என்கிறார். அம்மா இன்னமும் அவரைப் பெயர் சொல்லி 'நீ' என்கிறார். அவருக்கு வயது அறுபத்தொன்று. அவருடைய இளைய மகள் தேநீர் போட்டுக்கொண்டு வந்து, குழந்தைகளுக்குக் கொடுக்கலாமா என்று எமது முகத்தைப் பார்த்தாள். குழந்தைகள் அதற்குள் குடிக்கத் தொடங்கிவிட்டார்கள். இதை ஒரு சாதனையாக எழுதவில்லை. அவள் முகத்தைப் பார்க்கவேண்டி வந்ததை எழுதுகிறோம்.

எப்போது திரும்பி வருவீர்கள் என்று அவர் கேட்கவில்லை. வளவிலுள்ள முப்பத்திரண்டு தென்னையையும் வழக்கம்போல் இரண்டு மாதத்துக்கொருமுறை பிடுங்கி அம்மாவிடம் கணக்குக் கொடுப்பதா, அல்லது சந்தை வியாபாரிக்குக் குத்தகைக்கு விடுவதா என்று கேட்டார். வேலிக்கரையில் நிற்கும் இரண்டு மரங்கள் வண்டு தின்று சாய்கின்றன, கூரையில் விழுமுன் தறிக்கவேண்டும் என்றார். அத்தனை வீடுகளிலும் எமது வீட்டைப் பற்றிப் பேசியவர் அவர் ஒருவரே.

கேட்டவள் மகள். அவள் எமது உயர்தர வகுப்பு மாணவி. அடுத்த ஆண்டு பரீட்சை. அந்த வீட்டிற் பல்கலைக்கழக வாசலை எட்டிப் பார்க்கும் முதற்பிள்ளை.

"சேர், இனித் தமிழ் ஆர் படிப்பிப்பினம்?"

எம்மிடம் பதில் இருக்கவில்லை. 2022க்குப் பின் எமது பாடசாலையிலிருந்து மூன்று பட்டதாரி ஆசிரியர்கள் அந்தச் சம்பளமற்ற லீவிற் போனார்கள். ஒருவர் இடத்துக்கும் எவரும் அனுப்பப்படவில்லை. அவர்கள் பெயர் இன்னும் வரவுப் பதிவேட்டில் இருப்பதால் வெற்றிடம் இல்லை என்று பதில் வந்தது. நமக்குப் பதிலாக ஒருவரைக் கேட்டு நான்கு மாதத்துக்கு முன் விண்ணப்பித்தோம். அதே பதில். சுற்றத்தார் இருபத்து மூன்று வீட்டிலும் அன்பினாற் கேட்டார்கள். இவள் தேவையினாற் கேட்டாள். பட்டணத்துப் பிள்ளைக்குத் தனியார் வகுப்பு உண்டு. இந்த வகுப்பிலுள்ள பதினொருவருக்கும் பாடசாலையை விட்டால் வேறு இடமில்லை.

குறிப்புக் கொப்பிகள் நான்கை அவளிடம் கொடுத்தோம். சனிக்கிழமைகளிற் தொலைபேசிவழி வகுப்பு நடத்துவதென்று முடிவாயிற்று. 2020இலும் 2021இலும் இந்தத் தொலைபேசி வகுப்பின் இலட்சணத்தைக் கண்டவர்கள் நாம். பதினொருவருள் ஐவர் வீட்டில் அதற்கேற்ற கைபேசி இல்லை. அந்த ஐவரும் இவள் வீட்டு முற்றத்துக்கு வருவார்கள் என்றாள். பரீட்சை எந்த மாதம் என்று கேட்டாள். 2022க்குரிய பரீட்சை 2023 தையிலும், 2023க்குரியது 2024 தையிலும் நடந்தன. 2024க்குரியது கார்த்திகையிற் தொடங்கி வெள்ளத்தால் இடைநின்று தொடர்ந்தது. எந்த மாதமாயினும், இயலுமானால் அதற்கு முன்னே நாம் வந்துவிடவேண்டும். படிப்பு புரட்டாசியில் முடியும்.

"அப்ப கடைசி ரண்டு மாசம் நேரிலை படிப்பிப்பியளோ?"

"படிப்பிப்போம்."

அவள் 'ஓமோம்' என்று சொல்லவில்லை. முதலாவது கொப்பியின் பின்மட்டையிற் தேதியைக் குறித்தாள். பின்பு நேரத்தைக் கணக்கிட்டோம். இங்கே மாலை ஐந்தரை என்றால் அங்கே பிற்பகல் ஒன்று. ஐப்பசி முடிவில் அங்கே மணிக்கூட்டை ஒரு மணித்தியாலம் பின்னே தள்ளுவார்கள், அதன்பின் இங்கே ஐந்தரைக்கு அங்கே நடுப்பகல் பன்னிரண்டு என்று துணைவி சொன்னார். மணிக்கூட்டை ஏன் மாற்றுகிறார்கள் என்று அவளுடைய தந்தையார் கேட்டார். துணைவி விளக்கினார். அவருக்கு அது சரியாகப் படவில்லை. மகள் அதையும் எழுதிக்கொண்டாள்.